பெக்கியைக் கடிக்கக் கூடாது

மார்ச் 9

காலையில் காபி போட்டது நான். குப்பையை இறக்கியது நான். வாசல் மணி அடித்தபோதெல்லாம் படியிறங்கி ஓடியதும் நான்தான். இந்த ஊர் மாணவர் வீடுகளில் முதலாண்டுக்காரிக்குப் பெயர் மிருகம். என் அம்மா ஆசை ஆசையாக வைத்த ஜாசியாரா என்ற பெயர் இங்கே ஒருத்திக்கும் நினைவில்லை. "மிருகமே, காபி!" "மிருகமே, கதவு!" கழுத்தில் 'மிருகம்' என்று எழுதிய அட்டை வேறு தொங்குகிறது. அதை மாட்டிக்கொண்டே ரொட்டி வாங்கப் போனேன். கடைக்காரர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கல்லூரி திறக்கும் மார்ச் மாதம் இந்த ஓரோ பிரேத்தோவில் பாதி ஊர் அட்டையோடுதான் திரிகிறது.

எங்கள் வீட்டுக்குப் பெயர் ஓட்டைப் பானை. (எங்கள் வீடாம். நினைப்பைப் பார்!) அவர்கள் வீட்டுக்குப் பெயர் ஓட்டைப் பானை. ஓட்டை விழுந்த இரும்புப் பானை ஒன்று வாசலுக்கு மேலே தொங்குகிறது. உள்ளே நான்கு பேர். நால்வருக்கும் பட்டப்பெயர்தான். மூத்தவள் இடி, அவள் காலை வணக்கம் சொன்னால் அடுத்த தெருவிலிருந்து பதில் வரும். ஆமை குளிக்கப் போனால் மற்றவர்கள் அன்றைக்குக் குளியலை மறக்க வேண்டியதுதான். கொசு, காதோரம் ஓயாமல் ரீங்காரம். நாலாவது பூட்டு. நிலவியல் படிக்கிறாள், அறை முழுக்கக் கல். வாயைத் திறப்பதே இல்லை. வந்த நாளிலிருந்து என்னிடம் அவள் சொன்ன ஒரே வார்த்தை "தள்ளு".

அடுப்படிச் சுவரில் நான்கு ஆணி, நான்கு குவளை. ஐந்தாவது ஆணி கிடையாது. மிருகம் குடிப்பது சீஸ் வந்த கண்ணாடி டம்ளரில். வருடக் கடைசிக்குள் நால்வரும் ஒருமனதாகச் சரி என்றால் எனக்கு ஓர் ஆணி அடிப்பார்கள், நானும் வீட்டுக்காரி. ஒருத்தி வேண்டாம் என்றாலும் நான் பெட்டியைக் கட்ட வேண்டும். தனி அறை எடுத்துத் தங்க எங்களால் முடியாது. ஆகையால் பெட்டி நேரே எங்கள் ஊர் ஜனுவாரியா பஸ்ஸில்தான் ஏறும், சுரங்கப் பொறியியலும் அதோடு.

மார்ச் 10

முழங்கால் வலி. இந்த ஊரில் சமதரை என்ற ஒன்றைக் கடவுள் படைக்கவே இல்லை.

மார்ச் 17

அம்மா போன் பண்ணினாள். எடுத்ததும் "எங்க இருக்க?" என்றாள். மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டி ஓட்டி, யார் போனிலும் அதுதான் முதல் கேள்வி, தொழில் புத்தி.

"இவங்க வீட்டுலம்மா."

"தின்னியா?"

"தின்னேன்."

"அழுதியா?"

"இல்ல."

"சரி, அழுதுட்டு மூஞ்சியக் கழுவு. சவாரி நிக்குது." வைத்துவிட்டாள். சொன்னபடியே செய்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

இன்று சமையல் முறை என்னுடையது. அம்மா பெக்கிப் பழத்தை உப்புநீரில் ஊறப்போட்டுக் கொடுத்த பாட்டிலைத் திறந்து, கோழி போட்டு, பெக்கிச் சோறு செய்தேன். பலாப்பழத்தையும் பழைய சீஸையும் ஒன்றாக வேகவைத்தது மாதிரி அதன் வாசனை மாடிவரை ஏறியது. ஆமை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றாள். இடி ஒரு கரண்டி தின்றுவிட்டு, "செத்தவங்க கிடக்கட்டும், தட்ட நீட்டு" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. எங்கள் பக்கம் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும், பெக்கிக் கொட்டையைக் கடிக்கக் கூடாது. முன்பல்லால் மேலே உள்ள மஞ்சள் சதையைச் சுரண்டித் தின்ன வேண்டும். சதைக்கு அடியில் கொட்டை முழுக்க மயிரிழை முள். நெருப்பு சுடும் என்று விருந்தாளியிடம் யாராவது சொல்வார்களா?

பூட்டு கடித்தாள். நறுக்கென்று.

அப்போதும் அவள் கத்தவில்லை. கண்ணிலிருந்து மட்டும் பொலபொலவென்று கொட்டியது. கத்தும் வேலையைக் கொசு எடுத்துக்கொண்டாள். நான் பூட்டை ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்காரவைத்து, நாக்கில் எண்ணெய் தடவி, ஆமை புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வொரு முள்ளாக எடுத்தேன். நாக்கு, ஈறு, உதடு. மதியம் முழுக்க அதே வேலை. பயத்தில் என் வாய் ஓயவில்லை. அம்மாவின் மோட்டார் சைக்கிள், எங்கள் ஆற்றின் பழுப்பு நிறம், கால்குலஸ் வகுப்பில் ஒரு மண்ணும் புரியாதது, குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுவது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவளால் வாயை மூடு என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் வாய்க்குள் அல்லவா என் கை!

சாயங்காலம் இடி என் அட்டையில் இருந்த மிருகத்தை அடித்துவிட்டு, 'முள்' என்று எழுதினாள். பெயர் கிடைத்துவிட்டது. நான்கு ஓட்டில் ஒன்று போனதும் இன்றைக்குத்தான்.

மார்ச் 29

பூட்டுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. என் பக்கம் திரும்புவதில்லை. முன்பும் திரும்பியதில்லைதான். ஆனால் இப்போது அதில் ஓர் அர்த்தம் தெரிகிறது எனக்கு.

ஏப்ரல் 14

தீர்மானம்: யார் எது சொன்னாலும் "சரிங்க". ஒரு முகச்சுளிப்பு கூடாது. பூட்டுக்குக் காபி எப்படி வேண்டும் என்று ஆமையிடம் விசாரித்துவிட்டேன். சூடு அதிகம், சர்க்கரை கம்மி.

மே 11

கால்குலஸ் முதல் தேர்வு. பத்துக்கு ஒன்றரை. அந்த அரை, பேராசிரியர் இரக்கப்பட்டுப் போட்டது.

குழாயைத் திறந்துவிட்டு வழக்கம்போல ஆரம்பித்தேன். கதவில் தடதடவென்று இடி.

"ஏய் முள்ளு! அழறதுன்னா அடுப்படிக்கு வந்து அழு. அங்கதான் சூடா இருக்கு. தண்ணிய ஏன் வீணாக்குற?"

"சரிங்க" என்று வெளியே வந்தேன். அடுப்படியில் எல்லோரும் இருந்தார்கள்.

"இந்த வீட்டுல கால்குலஸ முதல் தடவையே பாஸ் பண்ணவ ஒருத்தியும் கிடையாது" என்றாள் ஆமை.

"பண்ணியிருந்தா அவளுக்கு ஓட்டே போட்டிருக்க மாட்டோம்" என்றாள் கொசு.

சிரித்தேன். சிரித்துக்கொண்டே எல்லோருடைய தட்டையும் கழுவிவைத்தேன். இடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாத்திரத்தில் ஏதோ கறை விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

ஜூன் 8

குளிர். ஜனுவாரியாக்காரிக்கு இது குளிர் இல்லை, தண்டனை. அடுப்போரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே பூட்டு, ஒரு கல்லைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு. திடீரென்று கை நீட்டி என் தாளில் ஒரு வரியில் விரலை வைத்து, "மைனஸ்" என்றாள். ஆமாம், மைனஸை விட்டிருந்தேன்.

ஏன் சொன்னாள்? இரக்கமா, எரிச்சலா?

ஜூன் 15

வீட்டில் காற்றடித்தது. மிருகத்தின் அறையைக் கலைத்துப் போடுவதை அப்படித்தான் சொல்வார்கள். நூலகத்திலிருந்து வந்தால் என் அறையில் மெத்தை ஒரு பக்கம், துணி, செருப்பு, புத்தகம் எல்லாம் நடுவில் குவியல், வாசலில் நால்வரும் நின்று பாட்டு. "காத்தடிச்சிருச்சு முள்ளு, நாங்க என்ன பண்றது!" எல்லா மிருகத்துக்கும் நடப்பதுதான். நான் சிரித்துக்கொண்டே அடுக்கி வைத்தேன். "தேங்க்ஸ்" என்றுகூடச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூலை 20, ஜனுவாரியா

விடுமுறை. வெயில். சமதரை. அம்மாவின் மடி. காலையில் எழுந்து தூக்கக் கலக்கத்தில் காபி போட்டேன். அம்மா பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குடி இவ்வளவு? தெருவுல கல்யாணமா?"

ஐந்து பேருக்குப் போட்டிருந்தேன். பாதியை மோட்டார் சைக்கிள் நிறுத்தத்துக்குக் கொண்டுபோனோம். அம்மாவின் கூட்டாளிகள் குடித்துவிட்டு, "இஞ்சினியர் காபி" என்றார்கள். வருகிற போகிறவர்களிடமெல்லாம் அம்மா அதைச் சொல்லிவிட்டாள். ஓட்டுப் போடும் விஷயத்தை அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

செப்டம்பர் 20

இன்று ஓட்டு.

பானையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்கள். சரி என்றால் ஒரு மக்காச்சோளம், வேண்டாம் என்றால் ஒரு கறுப்புப் பயறு. கீழே விழாமல் இடி ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டாள். என்னை முற்றத்துக்கு அனுப்பினார்கள். கீரைப் பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று சோளம். ஒரு கறுப்புப் பயறு.

ஆமை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொசு முதல் தடவையாகப் பேசாமல் இருந்தாள். பூட்டு நேரே மாடிக்குப் போய்விட்டாள். இடி மட்டும், "நவம்பர்ல இன்னொரு தரம். அதுதான் கடைசி" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் "சரிங்க" என்றேன்.

செப்டம்பர் 21

பூட்டுதான். வேற யாரு? நேரா மாடிக்கு ஏறிப் போனாளே, அப்பவே தெரியலியா? எத்தனை காபி போட்டிருப்பேன் அவளுக்கு! சூடு அதிகமா, சர்க்கரை கம்மியா, பாத்துப் பாத்து. முள்ள நானா அவ நாக்குல நட்டேன்? — பொறுமையா உக்காந்து எடுத்தது யாரு? —

அம்மா "எங்க இருக்க?" என்றாள். "வகுப்புல" என்றேன். சனிக்கிழமை எனக்கு வகுப்பு கிடையாது. அது அவளுக்கும் தெரியும். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அக்டோபர் 12

திருவிழா. இந்த வீட்டில் இருந்துவிட்டுப் போன பழையவர்கள் எல்லோரும் பிள்ளைகுட்டியோடு வந்து இறங்கியிருக்கிறார்கள். வேலை. வேலை. வேலை.

அக்டோபர் 27

எங்கிருந்து ஆரம்பிப்பது?

நாளை கால்குலஸ் மூன்றாம் தேர்வு. ஒரு வாரமாகப் போட்ட கணக்குகளை அத்தியாயவாரியாகத் தரையில் பரப்பி வைத்துவிட்டு, ரொட்டி வாங்கப் போனேன். திரும்பி வந்தால் காற்று. கணக்குத் தாளெல்லாம் உள்ளாடையோடு கலந்து, மெத்தை அலமாரிக்கு மேலே. வாசலில் நால்வரும் கைதட்டிப் பாட்டு.

குனிந்தேன். வழக்கமான சிரிப்பைத் தேடினேன், வரவில்லை.

நிமிர்ந்து நேராக இடியின் அறைக்குப் போனேன். அவள் மெத்தையை இழுத்தேன். ஜன்னல் வழியாக வெளியே தள்ளினேன். கீரைப் பாத்தியில் போய் விழுந்தது. பின்னாலேயே தலையணை, செருப்பு, அவள் உயிரையே வைத்திருக்கும் அந்தச் சிவப்புக் கோட்டு. பிறகு கொசு அறை. பிறகு ஆமையின் துண்டெல்லாம். மிருகம் காற்றடித்ததாக இந்த வீட்டுச் சரித்திரத்தில் இல்லை. நால்வரும் வாயைப் பிளந்துகொண்டு என் பின்னாலேயே வந்தார்கள்.

பூட்டின் அறையில் கல் அடுக்கைப் பார்த்து நின்றுவிட்டேன். கை போகவில்லை.

"கல்ல மட்டும் விட்டுடுறேன்" என்றேன். "உன்ன விட அது அதிகமாப் பேசும்! கறுப்புப் பயறு போட்டல்ல? ஏன்னு ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லேன்! ஒரு வருஷமா உன் மூஞ்சியப் பாத்துப் பாத்தே நான் —"

"நான் போடல" என்றாள் பூட்டு.

கீழே முற்றத்தில் பக்கத்து வீட்டு நாய் மெத்தையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது.

"நான்தான் போட்டேன்" என்றாள் இடி. அந்தக் குரல் இவ்வளவு சின்னதாக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

இடியா! பாத்ரூம் கதவைத் தட்டி என்னை அடுப்படிக்கு அழைத்த இடியா? காய்ச்சலில் படுத்தபோது சூப் வைத்துக் கொடுத்தவளா?

"ஏன்?"

"எப்பப் பாரு சரிங்க, சரிங்க. குப்பையா, சரிங்க. தட்டா, சரிங்க. காத்தடிச்சா சிரிச்சுக்கிட்டே அடுக்கிட்டு தேங்க்ஸ் சொல்ற! அப்புறம் கொழாயத் தொறந்து விட்டுட்டு அழற. எங்களுக்கு வேலக்காரி வேணாம்டி. உனக்கு நாங்க இன்னும் யாரோதான். அப்படி இருக்கயில நான் எப்படிச் சோளம் போடுவேன்?"

"அத வாயத் தொறந்து சொல்லித் தொலச்சிருக்கலாம்ல நீ?"

"சொன்னா? அதுக்கும் சரிங்கன்னு சொல்லி, மறுநாள் காலையில வந்து சொன்னபடி சண்ட போட்டிருப்ப."

அதுதான் உண்மை, போட்டிருப்பேன். ஆனாலும் கோபம் போகவில்லை. ஒரு மாதமாக நான் செத்துப் பிழைத்தது இவளுக்கு ஒரு பொருட்டா? "நீ பண்ணது தப்பு" என்றேன். "எங்கம்மாகிட்டப் பொய் சொல்ல வெச்சிட்ட நீ."

இடிக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்புதான்" என்றாள். "அன்னிக்கே தெரியும். ஆனா பானையில போட்டத எடுக்க முடியாதே."

ஆமை மெதுவாக, "'நீங்க' போயி 'நீ' வந்திருச்சு, கவனிச்சீங்களா?" என்றாள். கொசு முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். நான் கடைசியில்.

இடியின் மெத்தை ஈரமாகிவிட்டது. இன்று என் அறையில்தான் படுக்கப்போகிறாளாம். முடியாது என்று சொன்னேன். சொல்லிவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தேன்.

அக்டோபர் 28

தேர்வு பரவாயில்லை. இடி குறட்டையும் விடுகிறாள்.

நவம்பர் 23

நான்கு சோளம்.

சுத்தியலை எடுத்து வந்தது பூட்டு. ஆணியை என் உயரத்துக்கு வைத்துப் பார்த்து, தன் குவளைக்குப் பக்கத்தில் அடித்தாள். மற்றவர்கள் முற்றத்தில் இறைச்சி சுடப் போனதும் கேட்டேவிட்டேன்.

"முள்ளு குத்துனதுக்கு என் மேல கோவமே இல்லியா?"

யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

"அன்னிக்கு நீ பேசிக்கிட்டே இருந்தல்ல, என் வாய்க்குள்ள கைய விட்டுக்கிட்டு."

"பயத்துல உளறினேன்."

"நானும் முதல் வருஷம் கொழாயத் தொறந்து விட்டுத்தான் அழுவேன். யார்கிட்டயும் சொன்னதில்ல." சுத்தியலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். "அன்னிக்கே என் சோளத்த எடுத்து வெச்சிட்டேன்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். மரக்கட்டை மாதிரி நின்றாள். ஆனால் தள்ளிவிடவில்லை.

டிசம்பர் 18, ஜனுவாரியா

கால்குலஸ் பாஸ். மயிரிழையில். வெளியே சொல்லக் கூடாது, ஆணியைப் பிடுங்கிவிடுவார்கள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கறுப்புப் பயறு உட்பட. செப்டம்பரில் சொன்ன பொய்யையும். "சனிக்கிழம வகுப்பாம்" என்று தலையில் ஒரு தட்டு தட்டினாள். பிறகு ஆணி வெறுமனே இருக்கிறதா என்று கேட்டாள். இன்னும் குவளை வாங்கவில்லை என்றேன். நிறுத்தத்தில் தான் காபி குடிக்கும் நீல எனாமல் குவளையைக் கழுவி, என் பெட்டியில் வைத்தாள். விளிம்பெல்லாம் பெயர்ந்த குவளை.

"அப்ப உனக்கு?"

"சீஸ் டம்ளர் இருக்கே. எனக்கென்ன கொறச்சல்?"

மார்ச் 8, சனி

புது மிருகம் வந்திருக்கிறாள். தெற்கேயிருந்து, கடற்கரை ஊர். பெயர் கேட்டேன், மறந்துவிட்டேன். சீஸ் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. குழாய் வெகுநேரம் ஓடியதை எல்லோரும் கேட்டோம்.

நான் பெக்கிச் சோறு செய்தேன். இடி படிப்பை முடித்தாயிற்று, வேலைக்குப் போயாயிற்று, ஆனாலும் வாசனை பிடித்தவள் மாதிரி சரியாக மத்தியானம் வந்து நின்றாள். பரிமாறியபோது, இந்தத் தடவை மறக்கக் கூடாது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பூட்டு கையை உயர்த்தினாள்.

"நான் சொல்றேன்" என்றாள்.

புது மிருகத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "இங்க பாரு. இதக் கடிக்கக் கூடாது. ரெண்டு விரலால இப்படிப் பிடி. முன்பல்லு மட்டும். மெதுவா, சுத்திச் சுத்திச் சுரண்டு. மஞ்சள் தீந்து வெள்ள தெரிஞ்சா நிறுத்து. அதுக்கு உள்ள பூரா முள்ளு. பசிச்சாலும் கடிக்காத. எவளாவது கடின்னு சொன்னாலும் முடியாதுன்னு சொல்லு. சும்மா மண்டைய ஆட்டாத, வாயால சொல்லு, முடியாதுன்னு."

"முடியாது" என்றாள் புது மிருகம், ஈனக்குரலில்.

"சத்தமா."

"முடியாது!"

பூட்டு ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதே இல்லை. ஆமை கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

அம்மா போன் பண்ணினாள். நீலக் குவளையில் காபியை ஊற்றிக்கொண்டு முற்றத்துக்குப் போய் எடுத்தேன். உள்ளே இடியின் சிரிப்பு.

"எங்க இருக்க?"

"வீட்டுலதாம்மா."

அந்தப் பக்கம் வண்டிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி" என்றாள் அம்மா. "தின்னியா?"